மூங்கில் ஆணி

மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டிருந்த புடவை குறுக்கே வெட்டுப்பட்டிருந்தது.

காற்றின் வேலை என்றுதான் பூங்கொடி முதலில் நினைத்தாள். ஓசூரில் ஐப்பசிக் காற்று சும்மா இருக்காது. போன வருஷம் தண்ணீர்த் தொட்டியின் மூடியையே தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் போட்டது. ஆனால் காற்று கிழித்தால் நூல் பிரிந்து தொங்கும். இதில் ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அவள் தளி சாலையில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூத் தரம் பிரிக்கிறவள். நாள் முழுக்கக் காம்பு நறுக்கும் கை என்பதால், கத்திரி பட்டால் விளிம்பு நசுங்கும் என்று அவளுக்குத் தெரியும். இங்கே நசுங்கலும் இல்லை. இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தால் வெட்டிய இடமே கண்ணுக்குத் தெரியவில்லை.

துணியை முகத்தருகே கொண்டுவந்தபோது சோப்பு வாசனைக்கு அடியில் கிராம்பு வாசனை அடித்தது. பல் வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்பார்களே, அந்த எண்ணெயின் வாசனை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை நாலு வார்த்தை திட்டிவிட்டு அவள் கீழே இறங்கி வந்தாள்.

கிராம்பு வாசனை அந்த வீட்டுக்குப் புதிது ஒன்றும் இல்லை. அவள் புருஷன் மூர்த்தி தன் வாள்களுக்குப் பூசுகிற எண்ணெய் அது. ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் டூல் ரூம் சூப்பர்வைசர் அவன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, கடன் வாங்கி வீடு கட்டி, மகள் பிரவீனாவுக்கென்று மாடியில் ஓர் அறையும் போட்டான். அவள் படிக்கச் சேலத்து ஹாஸ்டலுக்குப் போனதும் அந்த அறையில் வாள்கள் குடியேறின. பெங்களூரில் பழைய ராணுவ அதிகாரிகளின் வீடுகளைக் காலி செய்யும்போது கிடைத்த குதிரைப்படை வாள், அணிவகுப்பு வாள், ஜப்பான்காரர்களின் யுத்தகால வாள் ஒன்று. பூஜை அறைக் குத்துவிளக்கைத் துடைக்கச் சொன்னால் இரண்டு வாரம் சாக்குச் சொல்கிற மனிதன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தில் அவற்றுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பான்.

ஜப்பான் வாளைக் கழற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள். தகட்டின் அடிப்பகுதி பிடிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். குறுக்கே ஒரே ஒரு மூங்கில் ஆணி. சின்னப் பித்தளைச் சுத்தியலால் தட்டினால் ஆணி மறுபக்கம் வந்துவிடும், பிடி தனி, தகடு தனி. இவ்வளவு பெரிய வாளை ஒரு பல்குச்சியா பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவள் சிரித்தபோது, அந்தப் பல்குச்சி போனால் இது வெறும் இரும்பு என்று அவனும் சிரித்தான்.

ஆடி மாதம் இன்னொரு ஜப்பான் வாள் வந்தது. தளியில் நிலபுலன் உள்ள ஆனந்தராஜ் கொடுத்தது. அவனும் வாள் சேர்க்கிறவன், மூர்த்திக்கு இந்தப் பைத்தியத்தை ஒட்ட வைத்தவன். பர்மா யுத்தத்துக்குப் போன அவனுடைய தாத்தா நாராயணப்பன் கொண்டுவந்த வாளாம். பழுப்புப் பட்டு நாடா குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய பிடி, கறுத்துப்போன தோல் உறை, உள்ளே மழைநீர் நிறத்தில் தகடு. மற்றவையெல்லாம் ராணுவப் பட்டறையில் அடித்துத் தள்ளியவை, இது மட்டும்தான் ஒரு மனிதன் உட்கார்ந்து செய்தது என்று மூர்த்தி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். இதன் பிடியை மட்டும் அவன் ஒருநாளும் கழற்றவில்லை. ஆனந்தராஜ் பார்த்துப் பார்த்துப் பொருத்தியது, அதைக் குலைக்க மனசு வரவில்லை என்றான்.

அந்த மாதமே அவன் கையில் வெட்டுகள் விழ ஆரம்பித்தன. துடைக்கும்போது பட்டுவிட்டது என்றான். பிறகு வாளைத் தொடாத நாளிலும் விழுந்தன. விரலில், மணிக்கட்டில், ஒரு காலை காதுக்குக் கீழே கழுத்தில். தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. ஆவணியில் ஒரு நாள் தளிக்குப் போய்விட்டு வந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அப்புறம்தான் ஆயுத பூஜை வந்தது. வழக்கமாகக் கம்பெனியில் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்துப் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவதோடு சரி. இந்தத் தடவை ஐயரை வீட்டுக்கே அழைத்து வந்தான். மாடி அறையில் வெள்ளை வேட்டி விரித்து வாள்களை வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தான். யார் பேருக்கு அர்ச்சனை என்று ஐயர் கேட்டார். எங்கே போனாலும் குடும்பத்துக்கு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்கிறவன், அன்றைக்கு நாடா சுற்றிய அந்த வாளைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்னான்.

“பூங்கொடி. பூர நட்சத்திரம், சிம்ம ராசி.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் நட்சத்திரம் அவனுக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. ஐயருக்கு இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள். அன்று முழுவதும் புதுப்பெண் மாதிரி வீட்டுக்குள் நடமாடினாள், பாவம்.

புடவைக்கு அடுத்தது தலையணை. காலையில் எழுந்தபோது அவள் தலை வைத்திருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி உறை நேர்கோட்டில் பிளந்து பஞ்சு தெரிந்தது. அதற்கடுத்து பின்னல். பண்ணைக்குக் கிளம்பும் அவசரத்தில் ரிப்பன் கட்டப் பின்னலை முன்னால் இழுத்தால், நுனி இல்லை. முடி தரையில் கிடந்தது, கட்டுக் குலையாமல்.

சத்தமும் கேட்க ஆரம்பித்தது. சாயங்காலம் அவள் அடுப்படியில் தனியாக இருக்கும்போது மாடியில் ஒரு ‘டக்’. உறையின் வாயில் இறுகிப் பிடித்திருக்கும் பித்தளை வளையம் விடுபடுகிற சத்தம் அது. மூர்த்தி கட்டைவிரலால் தள்ளி அதை விடுவிப்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். மூர்த்தி ஷிஃப்ட்டில் இருக்கிறான். யார் தள்ளினது? குக்கரை அணைத்துவிட்டு, விசில் அடங்கும்வரை நின்று, ஒவ்வொரு படியாக ஏறிப் போய்ப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அந்த ஒன்றின் பிடி மட்டும் வலது பக்கம் திரும்பியிருந்தது. பிடி இடது பக்கம் இருந்தால் சமாதானம், வலது பக்கம் இருந்தால் உருவத் தயார் என்று மூர்த்தி ஒருமுறை விளக்கியது அவள் நினைவுக்கு வந்தது. வேகமாகக் கீழே இறங்கிவிட்டாள்.

அவனிடம் சொன்னாள். எலி என்றான். அவன் கையில் இப்போது ஒரு கீறல்கூட இல்லை. பழைய வெட்டுகளெல்லாம் ஆறி வெளுத்திருந்தன. நன்றாகச் சாப்பிட்டான், அதைவிட நன்றாகத் தூங்கினான்.

பிறகு ஒரு விடிகாலையில் கழுத்தில் ஏதோ லேசாக இருப்பதாகத் தோன்றி அவள் கையை வைத்துப் பார்த்தாள். தாலிக்கயிறு இல்லை. படுக்கையில் கிடந்தது. மஞ்சள் ஏறிய கனத்த கயிறு, ஒரே வீச்சில் வெட்டுண்டு, தாலி ஒரு பக்கம் உருண்டிருந்தது. அவள் கழுத்தில் ஒரு கோடுகூட இல்லை. அறை முழுக்கக் கிராம்பு.

அவள் அழுதது தனக்காக இல்லை. தாலி அறுந்தால் யாருக்கு ஆகாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். இந்த மனிதனுக்கு என்னமோ வரப்போகிறது என்றுதான் அழுதாள். பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அம்மன் கோவிலுக்கு ஓடி, செவ்வாய் தோறும் விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டு, புதுக்கயிறு மாற்றிக்கொண்டு வந்தாள். மூர்த்தி டீ குடித்துக்கொண்டிருந்தான். மாத்திக்கிட்டியா, சரி என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். அவனிடம் கேட்டால் விடமாட்டான். மறுநாள் பண்ணையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தளி பஸ்ஸில் ஏறினாள்.

ஆனந்தராஜின் வீடு முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. ஜன்னலில் அவன் தலை தெரிந்தது, இவளைப் பார்த்ததும் மறைந்தது. அதற்குப் பிறகு அவன் வெளியே வரவே இல்லை. களத்தில் அவனுடைய அக்கா சாந்தம்மா தக்காளி பொறுக்கிக் கிரேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். உள்ளே சுவரில் ஆனந்தராஜின் மனைவி சரிதாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. போன வருஷம் லாரி அடித்து இறந்துபோனாள் என்று மூர்த்தி சொல்லியிருந்தான்.

எதற்கு வந்தாய் என்று சாந்தம்மா கேட்கவில்லை. இவள் கழுத்தில் கிடந்த புதுக்கயிற்றையே பார்த்தாள்.

“உன் பேரச் சொல்லிட்டாரா?”

“யாரு, அக்கா?”

“உங்க வூட்டுக்காரு. பூஜையில.”

பூங்கொடி புதுக்கயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள். சாந்தம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவனுக்கும் கேட்கட்டும் என்பதுபோல் நிதானமாகச் சொன்னாள். தாத்தா உயிரோடு இருந்தவரை வாளின் தகடு மச்சில் கிடந்தது, பிடி ராகிக் குதிருக்குள் கிடந்தது. இரண்டும் சேரக்கூடாது, பிடி இருந்தால்தான் அதற்குக் கை வரும் என்பார். ஆனந்தராஜுக்கு வாள் பைத்தியம் பிடித்ததும் இரண்டையும் தேடி எடுத்தான். புது மூங்கிலில் ஆணி செதுக்கி, பிடியைப் பொருத்தி, ஊரெல்லாம் காட்டினான். பொருத்திய மறுநாளிலிருந்து அவன்மேல் வெட்டு விழுந்தது. ஆயுத பூஜையில் சரிதா பேரைச் சொன்னான். அவனுக்கு நின்றது, அவளுக்குத் தொடங்கியது. அவள் பயந்து தேன்கனிக்கோட்டையில் அம்மா வீட்டுக்கு ஓடிப்போனாள். அங்கேயே, தாழ்போட்ட அறையில், ஒருநாள் காலையில். லாரி கீரி ஒன்றும் இல்லை.

“போத்தியிருந்த போர்வகூட நேரா வெட்டுப்பட்டிருந்துச்சு கண்ணு. வாளு இங்க, எங்கூட்ல, உறையிலதான் இருந்துச்சு.”

அவள் போன பிறகு மறுபடி ஆனந்தராஜ் பக்கமே அது திரும்பியது. அப்போதுதான் அதை மூர்த்தி தலையில் கட்டினான். ஆவணியில் மூர்த்தி வந்து அழுதபோது இரண்டு வழியும் சொன்னான். ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றி வெவ்வேறாக வைத்துவிடலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. இல்லையென்றால் ஒரு பேர் கொடுக்கலாம், வாள் வாளாகவே இருக்கும்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா.”

சாந்தம்மா குனிந்து ஒரு தக்காளியை எடுத்தாள். அழுகல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போது கழற்றினால் என்ன ஆகும் என்று பூங்கொடி கேட்டதற்கு மட்டும், “உன்ன வுட்டுடும். பேரு குடுத்தவன வுடாது” என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவன் உயிர் பிழைக்க வழி தெரியாமல் அவளைக் கொடுக்கவில்லை. கழற்றி வைத்திருந்தால் போதும். ஒரு ஆணியைத் தட்டியிருந்தால் போதும். வாளின் அழகு குலைந்துவிடுமே என்று பார்த்திருக்கிறான். அவளை ஒரு பக்கமும் அந்த நாடா சுற்றிய பிடியை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்து, பிடியை எடுத்துக்கொண்டான். நட்சத்திரத்தை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானோ.

வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பொழுது இறங்கும் நேரம், கரண்ட் இல்லை. மூர்த்தி கூடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு, அணைந்து கிடந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவள் நனைந்த செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“தளிக்குப் போயிட்டு வாரேன்.”

அவன் எழுந்திருக்கவில்லை.

“உன் பேரச் சொல்லலேன்னா பாப்பா பேரச் சொல்லியிருக்கணும், பூங்கொடி.”

“கழட்டி வைக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?”

அவன் உடைந்து அழுதான். தரையில் இறங்கி அவள் ஈரக் காலைப் பிடித்துக்கொண்டான். புத்தி கெட்டுப்போச்சு, ஒவ்வொரு நாளும் கழற்றிவிடலாம் என்று மாடி ஏறினேன், கை வரவில்லை என்றான். இப்போது கழற்றினால் உங்களுக்கு வரும் என்று அவள் சொன்னாள். தெரியும் என்று தலையாட்டினான்.

“கழட்டிரு. எனக்கு வர்றது வரட்டும்.”

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் இளகிவிட்டாள். இளகியதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. அத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்தவர்கள். கழற்றிய கையோடு எந்தக் கோவிலுக்கு இவனைக் கூட்டிப்போகலாம் என்றுகூட அவள் மனது கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

இரண்டு பேரும் மாடி ஏறினார்கள். அவன் பின்னால் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். கதவைத் திறந்ததும் கிராம்பு வாசனை மூக்கில் ஏறியது. ஈரச் சுவர், எண்ணெய், பழைய தோல், அதற்கெல்லாம் மேலே கிராம்பு. வெளிச்சத்தில் வாள்களின் நிழல்கள் சுவரில் நீண்டு, அவள் நடக்க நடக்க ஒவ்வொன்றாகத் திரும்பின. பித்தளைச் சுத்தியல் கீழ் டிராயரில் இருக்கிறது என்றான். தான் உள்ளே வந்தால் அது தெரிந்துகொள்ளும் என்று வாசற்படியிலேயே நின்றான்.

அவள் குனிந்து டிராயரை இழுத்தாள். எண்ணெய்க் குப்பி. பஞ்சு. மெல்லிய காகிதம். சுத்தியல் வைக்கும் பள்ளம் காலியாக இருந்தது.

“இங்க இல்லீங்க.”

வெளிச்சம் போனது.

கதவு சாத்தப்பட்டது. வெளித்தாழ்ப்பாள். அவன் எண்ணெய் போட்டு வைத்திருந்த தாழ்ப்பாள் என்பதால் சத்தமே இல்லாமல் விழுந்தது.

அவள் கதவைத் தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. என்னங்க, என்னங்க என்றே தட்டினாள். அவன் படி இறங்குவது கேட்டது. ஓடவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினான்.

மழை. இருட்டு. சுத்தியல் இல்லாவிட்டால் என்ன, தலையில் ஹேர்பின் இருக்கிறது. ஒரு ஆணிதானே. குத்தித் தள்ளினால் வந்துவிடும். சுவரைத் தடவிக்கொண்டே போனாள். முதல் வாள். இரண்டாவது. மரத் தாங்கி. தோல் உறை கையில் பட்டது. தூக்கினாள்.

லேசாக இருந்தது.

உறையின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். வெறும் பள்ளம்.

அவள் அசையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டாள். அறையில் வேறு மூச்சு எதுவும் கேட்கவில்லை. கிராம்பு வாசனை மட்டும் இடம் மாறியது. முதலில் ஜன்னல் பக்கம். பிறகு அருகில்.

கரண்ட் வந்தது.

டியூப்லைட் இரண்டு முறை துடித்து எரிந்தது. கீழே டிவி தானாக உயிர்பெற்று ஏதோ விளம்பரம் பாடியது. அறையின் நடுவில், ஒரு ஆள் நின்றால் இடுப்பு இருக்கும் உயரத்தில், வாள் நின்றது. சுற்றிலும் யாரும் இல்லை. தகட்டில் ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிடியில் சுற்றிய பட்டு நாடா மெல்ல உள்ளே அழுந்தியது. ஒரு விரல். அடுத்த விரல். நான்கும் பதிந்து, எதிர்ப்பக்கம் கட்டைவிரல் இறுகியது.

“என்னங்க” என்று அவள் கத்தினாள். வீடே அதிர்ந்திருக்க வேண்டும்.

கீழே டிவி சத்தம் கூடியது. அவள் மறுபடி கத்தினாள். இன்னும் கூடியது.

பிடியின் கீழ்ப்பாதியில் நாடா மறுபடி அழுந்தியது. இரண்டாவது கை. விரல் விரலாக, அவசரமில்லாமல் பதிந்து முடிந்தது. பிறகு வாள் முனை அவள் தலைக்கு மேல் உயர்ந்தது.